உங்கள் பாட்டு ரீல்ஸுக்குள் போவது எப்படி?

சொந்தமாக ஒரு பாட்டு போட்டு, மிக்ஸ் முடித்து, எம்பி3 கோப்பாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். இன்ஸ்டாகிராமில் போடலாம் என்று செயலியைத் திறந்து எவ்வளவு தேடினாலும் அதற்கு ஒரு பொத்தான் கிடைக்காது. படம் போடலாம், வீடியோ போடலாம், பாட்டுக் கோப்பை மட்டும் அது வாங்கிக்கொள்ளாது. டிக்டாக்கும் அப்படித்தான், யூடியூப் ஷார்ட்ஸும் அப்படித்தான். ஆனால் அதே செயலிகளில் வீடியோ எடுக்கும்போது ஆடியோ சேர்க்கும் பொத்தானைத் தட்டினால் பாடல்கள் வரிசை கட்டி வருகின்றன. அவை எந்த வழியாக உள்ளே போயின? உங்கள் பாட்டும் அங்கே போக முடியுமா?

முடியும். அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு இடங்களில் கொண்டுபோய் விடும் என்பது தெரியாமல்தான் புதிதாக வருகிறவர்களில் பலர் குழம்புகிறார்கள். எந்தக் கேமரா, எந்த ஹேஷ்டேக், எந்த நேரத்தில் போடுவது என்ற பேச்சையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இந்த இரண்டையும் முதலில் பார்ப்போம்.

ஒலிக்குத் தனி முகவரி வந்த கதை

இன்ஸ்டாகிராம் 2010இல் வந்தபோது அது வெறும் புகைப்படச் செயலி. 2013இல்தான் வீடியோ சேர்ந்தது, அதுவும் 15 வினாடி. அந்தக் காலத்தில் ஒலி என்பது வீடியோவோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு விஷயம், அவ்வளவுதான். உங்கள் வீடியோவில் இருக்கும் பாட்டை இன்னொருவர் எடுத்துத் தன் வீடியோவில் வைக்க அங்கே வழி கிடையாது.

இதை மாற்றியது, பாட்டுக்கு வாயசைத்து வீடியோ போடுவதற்காகவே வந்த மியூசிக்கலி போன்ற செயலிகள். அங்கே பாட்டுதான் முதலில், வீடியோ அதற்குப் பிறகு. 2018 ஆகஸ்டில் மியூசிக்கலி டிக்டாக்கோடு இணைந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. டிக்டாக்கில் ஒவ்வொரு ஒலிக்கும் தனிப் பக்கம் உண்டு. ஒரு வீடியோவின் கீழே ஓடும் ஒலியின் பெயரைத் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். அதே ஒலியை வைத்து மற்றவர்கள் எடுத்த வீடியோக்கள் எல்லாம் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும், 'இந்த ஒலியைப் பயன்படுத்து' என்று ஒரு பொத்தானும் இருக்கும். 2020 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், அடுத்த மாதமே யூடியூப் ஷார்ட்ஸும் வந்தன. இரண்டுமே இதே அமைப்பைக் கையில் எடுத்துக்கொண்டன.

ஆக, காட்சித் தளங்களில் ஒரு பாட்டைப் 'பகிர்வது' என்றால் அந்தப் பாட்டுக்கு ஓர் ஒலிப் பக்கம் உருவாவது என்று பொருள். உங்கள் வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது ஒரு கணக்கு. உங்கள் ஒலியை எத்தனை பேர் எடுத்துத் தங்கள் வீடியோவில் வைத்தார்கள் என்பது வேறு கணக்கு. பாட்டுப் போடுகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். முதல் கணக்கில் நீங்கள் மட்டும்தான் உழைக்கிறீர்கள். இரண்டாவதில் முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் பூனை வீடியோவுக்குப் பின்னால் உங்கள் மெட்டை ஓட விட்டு, அதை அவருடைய நண்பர்களிடம் கொண்டுபோகிறார்.

இந்த ஒலிப் பக்கம் எந்த வழியில் உருவாகிறது என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

முதல் வழி: ஒரிஜினல் ஆடியோ

உங்கள் பாட்டை ஒரு வீடியோவுக்குள் வைத்து, அந்த வீடியோவை ஏற்றிவிடுவது. நீங்கள் கிடாரோடு உட்கார்ந்து பாடும் வீடியோவாக இருக்கலாம், எடிட்டிங் செயலியில் ஏதோ காட்சிகளின் மேல் உங்கள் மாஸ்டரை, அதாவது வேலை முடிந்த இறுதிப் பதிவை வைத்து எடுத்ததாகவும் இருக்கலாம். வீடியோவில் இருக்கும் ஒலியைத் தளம் தனியாகப் பிரித்து, 'ஒரிஜினல் ஆடியோ' என்று பெயர் வைத்து, பக்கத்தில் உங்கள் கணக்கின் பெயரையும் போட்டு ஒரு பக்கத்தை உருவாக்கிவிடும். காசு கிடையாது, காத்திருக்க வேண்டியதில்லை, யாரிடமும் பதிவு செய்ய வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. இன்ஸ்டாகிராமில் உங்கள் கணக்கு எல்லோருக்கும் திறந்திருந்தால்தான் மற்றவர்கள் அந்த ஒலியை எடுத்துப் பயன்படுத்த முடியும். பூட்டிய கணக்கில் இருந்து போட்டால் ஒலியும் பூட்டியே கிடக்கும். அப்புறம், 'ஒரிஜினல் ஆடியோ' என்ற பெயரை அப்படியே விட்டுவிடாதீர்கள். அதே பெயரில் கோடிக்கணக்கான ஒலிகள் இருக்கின்றன, உங்களுடையதைத் தேடி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பெயர் மாற்ற இன்ஸ்டாகிராம் ஒரே ஒரு வாய்ப்புதான் தருகிறது. அதனால் எழுத்துப்பிழை இல்லாமல், பாட்டின் உண்மையான பெயரையே வையுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. தளம் எடுப்பது வீடியோவின் முழு ஒலியை. "ஹாய், இது என் புதுப் பாட்டு, கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று நான்கு வினாடி பேசிவிட்டுப் பாட ஆரம்பித்தால் அந்தப் பேச்சும் ஒலியின் பகுதிதான். இன்னொருவர் தன் பயண வீடியோவுக்கு உங்கள் பாட்டை வைக்க நினைத்தால் முதலில் உங்கள் குரலில் வணக்கம் கேட்கும். அவர் வேறு பாட்டுக்குப் போய்விடுவார். பேச ஆசை இருந்தால் அதற்கு ஒரு தனி வீடியோ போடுங்கள், அல்லது எழுத்தாகத் திரையில் வையுங்கள். மற்றவர்கள் எடுக்க வேண்டும் என்று நினைக்கும் வீடியோவில் பாட்டு மட்டும் இருக்கட்டும், முதல் வினாடியிலிருந்து.

இந்த வழியின் குறை என்ன? இந்த ஒலி எந்தப் பாட்டு, அதை யார் எழுதினார்கள், யாருக்குப் பணம் போக வேண்டும் என்பதெல்லாம் தளத்துக்குத் தெரியாது. ஆயிரம் பேர் பயன்படுத்தினாலும் ராயல்டி என்று எதுவும் வராது. ஸ்டோரியில் ஒட்டும் மியூசிக் ஸ்டிக்கருக்கான பாடல் தேடலில் அது ஒரு வெளியான பாட்டாக வந்து நிற்காது. இருந்தாலும் வெளியிடாத பாட்டின் ஒரு துண்டை நாலு பேரிடம் போட்டுக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

இரண்டாம் வழி: லைப்ரரி

செயலிக்குள் தேடினால் வரும் பாடல் தொகுப்புக்குள் உங்கள் பாட்டையும் சேர்ப்பது. இதற்குத் தனிநபர் யாரும் நேராகப் போய்க் கதவைத் தட்ட முடியாது. நடுவில் டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவர் வேண்டும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி, அம்யூஸ், ரூட்நோட் என்று பல நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற இடங்களுக்குப் பாட்டை அனுப்புவதும் இவர்கள்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது, பாட்டின் டபிள்யூஏவி கோப்பு (எம்பி3 போலச் சுருக்காத ஒலிக் கோப்பு), சதுரமான அட்டைப்படம், பாட்டின் பெயர், கலைஞர் பெயர், எழுதியவர் பெயர், வெளியீட்டுத் தேதி எல்லாவற்றையும் அவர்கள் தளத்தில் ஏற்றுவது. அவர்கள் உங்கள் ஒலிப்பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து எண் அடையாளம் ஒன்றைத் தருவார்கள். உலகில் எங்கே போனாலும் அந்தப் பதிவுக்கு அதுதான் அடையாளம். ரீமிக்ஸ் செய்தால், மறுபடி பாடிப் பதிவு செய்தால், அதற்கு வேறு ஐஎஸ்ஆர்சி. பின்னால் வரும் பணக்கணக்கு முழுவதும் இந்த எண்ணைப் பிடித்துத்தான் ஓடுகிறது, அதனால் வாங்கியதும் எங்காவது குறித்து வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மாறினாலும் அதே பதிவுக்கு அதே எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

படிவத்தை நிரப்பும்போது ஓர் இடத்தில் நிதானமாக இருங்கள். ஸ்ட்ரீமிங் தளங்களுக்கான பட்டியல் ஒன்று, சமூக ஊடகங்களுக்கான பட்டியல் இன்னொன்று என்று சில டிஸ்ட்ரிபியூட்டர்கள் பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டாவதில் டிக் போடாமல் விட்டால் பாட்டு ஸ்பாட்டிஃபையில் இருக்கும், ரீல்ஸில் தேடினால் வராது. டிக்டாக்குக்கு அனுப்பும்போது பாட்டின் எந்த இடத்திலிருந்து துண்டு தொடங்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அதைச் சும்மா விட்டால் பாட்டின் ஆரம்பத்தையே எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இருபது வினாடி மெதுவான முன்னிசை வைத்திருக்கிறீர்கள் என்றால் கேட்பவருக்கு முன்னிசை மட்டும்தான் கிடைக்கும், பல்லவி வரவே வராது.

கட்டணம் பல விதம். சிலர் ஆண்டுச் சந்தா வாங்குகிறார்கள், சிலர் ஒரு பாட்டுக்கு ஒரு முறை வாங்குகிறார்கள், சிலர் இலவசமாக ஏற்றிவிட்டு வருமானத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். சந்தா முறையில் பணம் கட்டுவதை நிறுத்தினால் பாட்டு கீழே இறங்கிவிடும் என்ற விதி சில இடங்களில் உண்டு. சேருவதற்கு முன் அந்த ஒரு வரியை மட்டுமாவது தேடிப் படித்துவிடுவது நல்லது.

நேரமும் எடுக்கும். இன்று ஏற்றி நாளை ரீல்ஸில் தேட முடியாது, சில வாரம் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். ஒரு தளத்தில் வந்துவிடும், இன்னொன்றில் வராது, அதுவும் சகஜம்.

சரி, இரண்டில் எது? பாட்டு இன்னும் வெளியாகவில்லை, எந்த வரி பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றால் ஒரிஜினல் ஆடியோ போதும். பாட்டு வெளியான நாளிலிருந்து லைப்ரரியில் உள்ளதையே பயன்படுத்துங்கள், உங்கள் சொந்த வீடியோக்களுக்கும்கூட. இல்லாவிட்டால் ஒரே பாட்டுக்கு நான்கைந்து ஒலிப் பக்கங்கள் ஆகி, பயன்படுத்தியவர்கள் எல்லாம் சிதறிப்போவார்கள். நீங்களே பாடி நடிக்கும் வீடியோவாக இருந்தாலும், எடிட்டில் லைப்ரரி பாட்டைச் சேர்த்து உதட்டசைவோடு பொருத்திவிட்டு, வீடியோவின் சொந்த ஒலியின் அளவைச் சுழியத்துக்குக் கொண்டுபோய்விடலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் செய்யக்கூடிய வேலைதான்.

என் பாட்டுக்கே காப்பிரைட் எச்சரிக்கையா?

வெளியிட்ட புதிதில் பலரைக் கலங்க வைக்கும் விஷயம் இது. சொந்தப் பாட்டை யூடியூபில் போட்டால், இது வேறு யாருடைய உரிமையோ என்று ஒரு அறிவிப்பு வருகிறது. பாட்டைத் திருடிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. யூடியூபில் 2007 முதல் கன்டென்ட் ஐடி என்ற அமைப்பு இருக்கிறது. உரிமையாளர்கள் கொடுத்த பாடல்களின் ஒலி ரேகையை அது சேர்த்து வைத்துக்கொண்டு, ஏறும் ஒவ்வொரு வீடியோவையும் அதோடு ஒப்பிடும். உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் உங்கள் சார்பில் உங்கள் பாட்டை அங்கே பதிவு செய்திருப்பார். அப்புறம் நீங்களே ஒரு வீடியோ போடும்போது, போட்டவர்தான் பாட்டுக்காரர் என்பது அந்த அமைப்புக்கு எப்படித் தெரியும்? ஒலி ஒத்துப்போகிறது, பதிவு டிஸ்ட்ரிபியூட்டர் பெயரில் இருக்கிறது, உடனே உரிமை கோரிவிடும். டிஸ்ட்ரிபியூட்டரிடம் உங்கள் சேனலின் முகவரியைக் கொடுத்து, விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் முடிந்தது. இது தண்டனை இல்லை. காப்பிரைட் மீறலுக்காகச் சேனலின் மேல் விழும் ஸ்டிரைக் வேறு, இந்த உரிமைகோரல் வேறு.

ஆனால் இதில் உண்மையான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பாட்டில் நீங்கள் இணையத்தில் எடுத்த ரெடிமேட் லூப்பையோ (திரும்பத் திரும்ப ஓட விடும் சிறு இசைத் துண்டு), வாடகைக்கு வாங்கிய பீட்டையோ பயன்படுத்தியிருந்தால் அதே லூப் இன்னும் நூறு பேர் பாட்டில் இருக்கும். அப்படிப்பட்ட பாட்டைக் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்தால், அதே லூப் வைத்த வேறொருவரின் வீடியோவுக்கு உங்கள் பெயரில் உரிமைகோரல் போகும். அவர் பதிவு செய்திருந்தால் உங்களுக்கு வரும். தனக்கு மட்டுமே உரிமையுள்ள ஒலியைத்தான் பதிவு செய்யலாம் என்று விதியே இருக்கிறது. லூப் உரிமத்தில் 'பாட்டில் பயன்படுத்தலாம்' என்று இருப்பதை வைத்து 'கன்டென்ட் ஐடியிலும் பதியலாம்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உரிமையைப் பற்றிப் பேசும்போது ஒரு அடிப்படை. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒன்று, அதைப் பாடி வாசித்து எடுத்த ஒலிப்பதிவு இன்னொன்று. வரிகள் நண்பர் எழுதியது, பாடியது நீங்கள், பதிவுக்குச் செலவு செய்தது மூன்றாமவர் என்றால் யாருக்கு எதில் எவ்வளவு என்று வெளியீட்டுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மின்னஞ்சல்கூடப் போதும். பாட்டு ஓடிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பு கெடும். இன்னொருவர் பாட்டை நீங்கள் உங்கள் குரலில் பாடினால் ஒலிப்பதிவு உங்களுடையது, படைப்பு அவருடையது. அதை 'என் பாட்டு' என்று பதிவு செய்ய முடியாது.

தளங்களும் பாடல் நிறுவனங்களும் போட்டிருக்கும் ஒப்பந்தம் முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 பிப்ரவரி நல்ல உதாரணம். யுனிவர்சல் மியூசிக் குழுமத்துக்கும் டிக்டாக்குக்கும் ஒத்துப்போகாமல், அந்த நிறுவனத்தின் பாடல்கள் டிக்டாக்கிலிருந்து எடுக்கப்பட்டன. பழைய வீடியோக்களில்கூட ஒலி அணைந்து வெறும் படம் மட்டும் ஓடியது. மே மாதம் புது ஒப்பந்தம் வந்த பிறகுதான் பாடல்கள் திரும்பின. சொந்தமாக வெளியிடுகிறவருக்கு இதில் ஒரு சௌகரியம்: பாட்டை எங்கே அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்வது அவரேதான்.

கணக்கின் வகையும் இதில் குறுக்கே வரும். இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்குகளுக்கு முழு லைப்ரரியும் திறக்காது, விளம்பரத்துக்கும் பயன்படுத்தக்கூடிய பாடல்கள் மட்டும்தான் காட்டும். டிக்டாக்கிலும் வணிகக் கணக்குகளுக்குத் தனித் தொகுப்பு. கொஞ்சம் கெத்தாக இருக்கட்டும் என்று கணக்கை வணிகக் கணக்காக மாற்றிக்கொண்ட இசைக்கலைஞர், தன் பாட்டைத் தானே லைப்ரரியில் தேடிக் கிடைக்காமல் நிற்பதெல்லாம் நடக்கிறது. கிரியேட்டர் கணக்காக மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எந்தத் துண்டு?

ரீல்ஸும் ஷார்ட்ஸும் இப்போது மூன்று நிமிட வீடியோவையும் வாங்கிக்கொள்ளும். ஷார்ட்ஸில் 2024 அக்டோபரிலும், ரீல்ஸில் 2025 ஜனவரியிலும் அந்த வசதி வந்தது. அதற்காக முழுப் பாட்டையும் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒலியை எடுக்கிறவருக்குத் தேவைப்படுவது பதினைந்து, இருபது வினாடிதான். அந்தத் துண்டு பாட்டின் எந்த இடம் என்று தேர்ந்தெடுப்பது உங்கள் வேலை, அதைத் தளத்திடம் விடாதீர்கள்.

பொதுவாகப் பல்லவி தொடங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் வெட்டினால் நன்றாக இருக்கும். பாடுகிறவர் மூச்சிழுக்கும் ஓசையோ, டிரம்ஸின் ஒரு சிறு உருட்டலோ கேட்டு, உடனே பல்லவி. முடிவைத் தாளத்தோடு வெட்டுங்கள். வீடியோ தானாகவே மறுபடி முதலிலிருந்து ஓடும் என்பதால், நான்கு அல்லது எட்டு ஆவர்த்தனம் முடியும் இடத்தில் சரியாக வெட்டினால் சுற்று ஒட்டிக்கொள்ளும். எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று தெரியாமல் கேட்பவர் இரண்டாவது சுற்றில் இருப்பார்.

எல்லாப் பாட்டிலும் பல்லவிதான் சிறந்த துண்டு என்றும் இல்லை. சில பாட்டில் சரணத்தின் ஒரு வரி, இரண்டு அடிக்கு நடுவில் வரும் புல்லாங்குழல் பிட் ஒன்று, அதுதான் ஆளைப் பிடிக்கும். மூன்று வெவ்வேறு துண்டுகளை மூன்று வீடியோவாகப் போட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் பதினைந்து வினாடிக்காகவே பாட்டு எழுதுவது எனக்கு ஒப்பாத விஷயம். முழுப் பாட்டைத் தேடி வருகிறவருக்கு அங்கே வேறு எதுவும் இல்லை என்றால் அவர் திரும்ப வருவதில்லை.

காட்சி

அட்டைப்படத்தை அசையாமல் வைத்துப் பாட்டை ஓட விடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். இருப்பதிலேயே பலவீனமான வழியும் அதுதான். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் அசையாத படத்தில் நிற்க மாட்டார். அதற்காகப் பெரிய படப்பிடிப்பு எதுவும் வேண்டாம். வாசிக்கும் கை, பாடும் முகம், சன்னல் வெளிச்சம் போதும். மிக்ஸிங் திரையில் ஒவ்வொரு டிராக்காகச் சேர்ந்து பாட்டு உருவாவதைக் காட்டுவதும் நன்றாக எடுபடும். அதைப் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் மற்ற இசைக்காரர்களாக இருப்பார்கள், பரவாயில்லை.

ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள் நிறைய. பாட்டுக்காரருக்கு இதைவிடக் கொடுமை வேறு என்ன, ஆனால் அதுதான் நிலைமை. வரிகளைத் திரையில் பெரிய எழுத்தில், பாடும் வேகத்துக்கு ஏற்றபடி வைத்தால் சிலராவது ஒலியைத் திறப்பார்கள். எழுத்தை அடியிலும் வலது ஓரத்திலும் வைக்காதீர்கள். கணக்கின் பெயர், கேப்ஷன், லைக் பொத்தான் எல்லாம் அங்கேதான் வந்து மூடும். வீடியோ செங்குத்தாக 9:16, அதாவது 1080க்கு 1920 பிக்சல். ஒரு செயலியில் போட்டதை அங்கிருந்தே இறக்கி, அதன் முத்திரையோடு இன்னொன்றில் ஏற்றாதீர்கள். வேறு செயலியின் முத்திரை தெரியும் ரீல்ஸைக் குறைவாகத்தான் பரிந்துரைப்போம் என்று இன்ஸ்டாகிராம் 2021இலேயே சொல்லிவிட்டது. எடிட் முடிந்த சுத்தமான கோப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஏற்றுங்கள்.

ஃபோன் ஸ்பீக்கரில் உங்கள் பாட்டு

ஸ்டுடியோ ஹெட்போனில் அதிர்ந்த பேஸ் ரீல்ஸில் காணாமல் போயிருக்கும். தளம் கெடுத்துவிட்டது என்று திட்டுவதற்கு முன் யோசித்துப் பாருங்கள். பேஸ் கிடாரின் அடிமட்ட ஸ்வரம் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். விரல் நுனி அளவு ஸ்பீக்கரால் அந்தக் காற்றைத் தள்ளவே முடியாது. சத்தத்தைக் கூட்டினால் வேலைக்கு ஆகாது. பேஸ் டிராக்கில் கொஞ்சம் சேச்சுரேஷன், அதாவது ஒலியை லேசாகச் சிதைக்கும் எஃபெக்ட், சேர்த்தால் 82, 123, 164 ஹெர்ட்ஸ் என்று அதன் மடங்குகளும் இன்னும் மேலே உள்ளவையும் கூடும். மேலே இருப்பவற்றை ஸ்பீக்கர் தரும், கீழே விட்டுப்போன ஸ்வரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்.

மிக்ஸை மோனோவில், அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு முறை கேட்டே ஆக வேண்டும். ஸ்டீரியோவில் அகலமாக விரிந்து கேட்ட சிந்தசைசரோ கோரஸ் குரலோ மோனோவில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடக்கூடும். ஃபோனில் கேட்பவருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட மோனோதான்.

சத்த அளவை உச்சத்துக்குத் தள்ளுவதால் பயனில்லை. யூடியூப் சுமார் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் போகும் ஒலியைத் தானே இறக்கிவிடும். தளங்கள் எல்லாம் ஒலியை மறுபடி அமுக்கிச் சிறிதாக்கும் என்பதால் உச்சத்தில் ஒரு டெசிபல் இடம் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அமுக்கும்போது கரகரப்பு சேரும். வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், ஏஏசி ஒலி, எம்பி4 கோப்பு. இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

பாடும் வீடியோவில் ஃபோன் மைக்கின் ஒலியை எடுத்துவிட்டு ஸ்டுடியோ பதிவை வைக்கப் போகிறீர்கள் என்றால், எடுக்கும்போது தொடக்கத்தில் ஒரு முறை கை தட்டுங்கள். இரண்டு ஒலியலையிலும் அந்தத் தட்டல் கூராகத் தெரியும், அதை வைத்துப் பொருத்திவிடலாம். பொருத்தும்போது வயர் வைத்த ஹெட்போனில் கேளுங்கள். புளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாக வருவதால், சரியாக இருப்பதை நீங்களே நகர்த்திக் கெடுத்துவிட வாய்ப்புண்டு.

பணம் எப்படி வருகிறது?

லைப்ரரி வழியில் போன பாட்டுக்குத் தளங்கள் கொடுக்கும் பணம் டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் வரும். வீடியோ பத்து லட்சம் பேர் பார்த்தார்கள் என்றால் ஸ்ட்ரீமிங்கில் பத்து லட்சம் முறை கேட்டதற்கு வரும் பணம் வரும் என்று நினைக்காதீர்கள். கணக்கே வேறு.

ஷார்ட்ஸின் கணக்கு வெளிப்படையாக இருப்பதால் அதையே பார்க்கலாம். 2023 பிப்ரவரி 1 முதல் ஷார்ட்ஸ் விளம்பர வருமானத்தைப் பங்கிடுகிறார்கள். ஒரு வீடியோவில் ஒரு பாட்டு இருந்தால் அதன் பார்வைகளுக்கு உரிய வருமானத்தில் பாதி பாடல் உரிமைக்கு ஒதுக்கப்படும், பாதி வீடியோ எடுப்பவர்களின் தொகைக்குப் போகும். இரண்டு பாட்டு இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு பாடல் பக்கம். வீடியோ எடுப்பவருக்குத் தன் பங்கில் 45 சதவீதம் கையில் வரும். ஆக, உங்கள் பாட்டை வைத்து நீங்களே ஷார்ட்ஸ் போட்டு, உங்கள் சேனலும் வருமானத் திட்டத்தில் இருந்தால், ஒரே வீடியோவுக்கு யூடியூபிலிருந்து ஒரு வழியிலும் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து இன்னொரு வழியிலும் காசு வரலாம். இரண்டும் சின்னத் தொகைதான்.

டிஸ்ட்ரிபியூட்டரின் அறிக்கை மாதக்கணக்கில் பின்தங்கி வரும். அதில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி வரி இருக்கும், பக்கத்தில் ஐஎஸ்ஆர்சி எண் இருக்கும். ரீல்ஸில் உங்கள் பாட்டு நன்றாக ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தும் அந்த வரியில் சுழியமே வந்துகொண்டிருந்தால், ஓடுவது லைப்ரரி ஒலியா அல்லது நீங்களோ வேறு யாரோ முன்பு ஏற்றிய ஒரிஜினல் ஆடியோவா என்று அந்த ஒலிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அட்டைப்படமும் கலைஞர் பெயரும் இருந்தால் முதலாவது, கணக்குப் பெயர் மட்டும் இருந்தால் இரண்டாவது. இரண்டாவது என்றால் அந்த இணைப்பை டிஸ்ட்ரிபியூட்டரின் உதவிப் பிரிவுக்கு ஐஎஸ்ஆர்சி எண்ணோடு அனுப்பி, உங்கள் பாட்டோடு சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.